அறிவுரை சொல்லாத ஆலோசகர் என்னதான் செய்கிறார்?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். கணவரை மாரடைப்பில் பறிகொடுத்து இரண்டு ஆண்டுகள் ஆன தங்கையைத் தஞ்சாவூரில் உள்ள ஒரு மனநல ஆலோசகரிடம் மூன்று முறை அழைத்துச் சென்றாராம். ஆலோசகர் நல்லதாக நாலு வார்த்தை சொல்வதை விட்டுவிட்டுத் தங்கையையே பேச வைத்துக் கேட்டுக்கொண்டு, அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்புகிறாராம். உள்ளே என்ன பேசினீர்கள் என்று கேட்டால் அதற்கும் பதில் கிடைக்கவில்லையாம். ஆவணியில் வீட்டில் ஒரு கல்யாணம் வருகிறது, அதற்குள் தங்கையைப் பழையபடி ஆக்கிவிட முடியுமா, அல்லது இதெல்லாம் வீண் செலவுதானா என்பது அவருடைய கவலை. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டத்து மக்களோடு இதே வேலையை நெடுநாளாகச் செய்துவருவதால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

உங்கள் தங்கைக்கு அறிவுரை பற்றாக்குறை இல்லை என்பதை முதலில் நினைவில் வையுங்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் தொடங்கி, பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள், தெருவில் எதிர்ப்படுகிறவர்கள், தொலைபேசியில் அழைக்கும் சித்தி வரை எல்லாரும் அதைத்தான் கொடுத்திருப்பார்கள். 'பிள்ளை முகத்தைப் பார்த்துத் தேற்றிக்கொள்', 'விதி என்று விட்டுவிடு', 'நீயே இப்படி இருந்தால் அம்மா என்ன ஆவார்கள்' என்ற சொற்களில் ஒன்று வேலை செய்திருந்தாலும் நீங்கள் தஞ்சாவூருக்குப் பேருந்து ஏறியிருக்க மாட்டீர்கள். அதே சொற்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு இன்னொருவரும் சொன்னால், தன்னைப் புரிந்துகொள்ள இங்கும் ஆள் இல்லை என்றுதான் அவர் முடிவுக்கு வருவார். அறிவுரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதைக் கேட்கிறவர் ஒன்று தலையாட்ட வேண்டும், இல்லையென்றால் மறுக்க வேண்டும், இரண்டிலுமே அவர் தன் நிலையைத் தானே ஆராய்ந்து பார்க்கும் வாய்ப்பு போய்விடுகிறது.

முதல் இரண்டு மூன்று சந்திப்புகளில் ஆலோசகர் சும்மா கேட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றும். உண்மையில் அந்தப் பேச்சுக்குள்ளேயே அவர் பலவற்றைச் சோதித்துக்கொண்டிருப்பார். தூக்கம் எப்படி, எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, சாப்பாடு இறங்குகிறதா, தைராய்டும் இரத்தசோகையும் பார்த்தாயிற்றா, வீட்டில் யாருக்காவது முன்பு இப்படி இருந்ததா என்பதெல்லாம் அதில் வந்துவிடும். நம் பகுதியில் துயரம் பெரும்பாலும் உடம்பின் வழியாகத்தான் வெளியே வரும். 'மனசு சரியில்லை' என்று சொல்கிறவரைவிட 'உடம்பெல்லாம் எரிகிறது', 'நெஞ்சை அடைக்கிறது', 'தலை கிறுகிறுக்கிறது' என்று சொல்கிறவர்களே அதிகம். அதை நடிப்பு என்று ஒதுக்காமலும், வெறும் உடல்நோய் என்று நம்பி ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுக்காமலும் இடைப்பட்ட வழியில் போக வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்பதையும் நேரடியாகவே கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுமோ என்று வீட்டார் பயப்படுவது இயல்பு, ஆனால் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. மனதுக்குள்ளேயே சுமந்துகொண்டிருந்தவருக்கு அதைச் சொல்ல ஓர் இடம் கிடைக்கிறது. பதில் 'ஆமாம்' என்று வந்தால் மற்ற எல்லா வேலையும் தள்ளிப்போகும். விவசாயக் குடும்பமாக இருந்தால், வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தை அன்றைக்கே வீட்டைவிட்டு அப்புறப்படுத்தி அல்லது பூட்டி, சாவியை யார் வைத்திருப்பது என்பது வரை பேசித்தான் அனுப்புவோம்.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். 'பழையபடி ஆக்க வேண்டும்' என்கிறீர்கள். இது உங்கள் விருப்பம். அம்மாவின் விருப்பம் வேறாக இருக்கலாம், பிள்ளை தங்கள் வீட்டிலேயே வளர வேண்டும் என்று மாமனார் வீடு நினைக்கலாம். உங்கள் தங்கை என்ன விரும்புகிறார் என்பதை இந்த இரண்டு ஆண்டுகளில் யாராவது கேட்டார்களா என்று யோசித்துப் பாருங்கள். டெல்டாவில் மனநல ஆலோசனைக்குத் தானாக வருகிறவர் குறைவு, அழைத்து வரப்படுகிறவரே அதிகம். அப்பா மகனை அழைத்து வருவார், மனைவி குடிக்கும் கணவனை அழைத்து வருவார், அண்ணன் தங்கையை அழைத்து வருவார். அழைத்து வருகிறவர் ஒரு மாற்றத்தைக் கேட்பார், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு வேறொன்று வேண்டும். அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத ஆலோசகர் எத்தனை நுட்பம் கற்றிருந்தாலும் பயனில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979இல், சிகிச்சையில் இருவருக்கும் இடையே மூன்று விஷயங்கள் அமைய வேண்டும் என்று எழுதினார். எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு வேண்டும், அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு வேண்டும், ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை வேண்டும். எந்த முறையில் சிகிச்சை அளித்தாலும், இந்த மூன்றும் அமைந்த இடத்தில்தான் பலன் கூடுதலாக இருப்பதைப் பின்வந்த ஆய்வுகள் பல திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அதற்கு முன்பே 1957இல் கார்ல் ரோஜர்ஸ் என்ற இன்னொரு அமெரிக்க உளவியலாளர், மற்றவரின் இடத்திலிருந்து புரிந்துகொள்வதும், நிபந்தனையின்றி மதிப்பதும், தான் போலியாக இல்லாமலிருப்பதும் சிகிச்சையாளரின் கடமை என்று வகுத்திருந்தார். மூன்று வாரம் கேட்டுக்கொண்டே இருந்த ஆலோசகர், அநேகமாக, உங்கள் தங்கையின் வாயிலிருந்து வரும் ஓர் இலக்குக்காகத்தான் காத்திருக்கிறார். அது உங்களுக்கு அற்பமாகத் தோன்றக்கூடிய ஒன்றாகவும் இருக்கலாம். இதே நிலையில் இருந்த ஒரு பெண், அடையாளத்தை மாற்றித்தான் சொல்கிறேன், நான்காம் சந்திப்பில் சொன்னது இதுதான்: மகனைப் பள்ளி வேன் வரும் முனை வரைக்கும் நானே கொண்டுபோய் விட வேண்டும், தெருவில் யாரும் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்தக் கூடாது. முதல் பாதி அவரால் ஆகக்கூடியது. இரண்டாம் பாதி தெருவைப் பொறுத்தது.

இந்த இரண்டாம் பாதியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கணவனை இழந்த பெண்ணின் துயரத்தில் எவ்வளவு இழப்பினால் வந்தது, எவ்வளவு நாம் செய்வதால் வந்தது என்று பிரிக்காமல் சிகிச்சை அளிப்பது நியாயமில்லை. வளைகாப்புக்கு அழைப்பார்கள், ஆனால் வளையல் போடும் வரிசையில் நிற்க வேண்டாம் என்று யாரோ கண்ஜாடை காட்டுவார்கள். நலங்கு வைக்கும்போது அவர் சமையற்கட்டில் இருப்பது வசதி என்று எல்லாரும் பேசாமலே முடிவு செய்திருப்பார்கள். இப்படி நாலு இடத்தில் நடந்தபின் ஐந்தாவது இடத்துக்கு வர மறுக்கும் பெண்ணை 'வெளியே வரவே மாட்டேன் என்கிறாள், மனநோய்' என்று அழைத்து வருகிறோம். அந்த மறுப்பில் நோய் எதுவும் இல்லை. ஆவணிக் கல்யாணத்துக்குள் சரியாகிவிடுவாரா என்று கேட்டீர்கள். நான் உங்களைத் திருப்பிக் கேட்பேன்: அந்தக் கல்யாணத்தில் அவர் எங்கே உட்காருவார், ஆரத்தி எடுக்கும்போது அவரை யாரும் நகரச் சொல்லாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருடையது, பூ வைத்துக்கொண்டு வந்தால் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? இவற்றுக்கு வீட்டில் பேசி ஒரு முடிவு வைத்திருங்கள். வருவதா வேண்டாமா என்பதைத் தங்கையிடமே விட்டுவிடுங்கள். வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்பினாலும் அதுவே போதும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இழப்பின் துயரத்தைப் பொறுத்தவரை ஒரு தவறான எண்ணம் படித்தவர்களிடமும் பரவியிருக்கிறது. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிகளில் ஏறி ஒருவர் துயரத்தைக் கடந்துவிடுவார் என்பதே அது. கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் அந்த ஐந்தையும் எழுதியது, தாங்களே சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளிடம் பேசியதை வைத்துத்தான். எல்லாரும் வரிசையாக ஏற வேண்டிய ஏணியாக அது இல்லை. இன்று பல ஆலோசகர்கள் மனதில் வைத்திருப்பது, 1999இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்ட்ரோபே, ஷூட் இருவரும் விளக்கிய முறை. துயரப்படுகிறவர் ஒரு நேரம் இழப்பின் பக்கம் போவார், அழுவார், படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இன்னொரு நேரம் வங்கிக் கணக்கை மாற்றுவது, வாரிசுச் சான்றுக்குத் தாலுகா அலுவலகம் போவது, வேலை தேடுவது என்று வாழ்க்கையின் பக்கம் வருவார். இப்படி இரண்டுக்கும் இடையே போய்வந்துகொண்டிருப்பதுதான் ஆரோக்கியமானது, ஒரே பக்கத்தில் சிக்கிக்கொண்டால் உதவி தேவைப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய் வகைப்பாட்டில், இழப்பு நடந்து குறைந்தது ஆறு மாதத்துக்கு மேலும், அந்தச் சமூகத்தின் வழக்கத்தை மீறிய அளவிலும் தீவிரமான ஏக்கம் தொடர்ந்து அன்றாட வாழ்க்கையை முடக்கினால், அதை நீடித்த துயரக் கோளாறு என்று தனியாகக் குறிக்கிறார்கள். மனச்சோர்வு வேறு, இது வேறு, சிலருக்கு இரண்டும் சேர்ந்திருக்கும். உங்கள் தங்கைக்கு எது என்பதை நேரில் பார்க்கிறவர்தான் சொல்ல முடியும்.

அறைக்குள் பேசுவதாலேயே எல்லாம் மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. அதில் ஆலோசகரோடு கழிவது ஏறக்குறைய ஒரு மணி நேரம். மாற்றம் நடப்பது மிச்ச நேரத்தில்தான், அந்த ஒரு மணி நேரத்தில் அதற்கான திட்டம் போடுகிறோம். அது எப்படி நடக்கிறது என்பதை ஒரு நிகழ்வால் காட்டுகிறேன். கும்பகோணம் அருகே ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு ஒருநாள் பேருந்தில் நெஞ்சு படபடத்து, மூச்சு வாங்கி, உயிரே போய்விடும் என்று தோன்றி, வழியில் இறக்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஈ.சி.ஜி. நன்றாக இருந்தது, மருத்துவர் 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து அவர் பேருந்து ஏறவில்லை. தாய்வீடு தஞ்சாவூரில், அண்ணன் பிள்ளையின் காதுகுத்துக்குக்கூடப் போகவில்லை. அவரோடு உட்கார்ந்து, எது கொஞ்சம் பயம், எது அதிகப் பயம் என்று வரிசைப்படுத்தினோம். கும்பகோணம் பேருந்து நிலையத்தில் அரை மணி நேரம் நிற்பது முதல் படி, டவுன் பஸ்ஸில் தாராசுரம் வரை போவது அடுத்தது, பிறகு பாபநாசம், கடைசியில் தஞ்சாவூர். ஒரு நாற்பது பக்க நோட்டில் இரண்டு பத்தி போட்டு, ஏறுவதற்கு முன் 'என்ன ஆகும் என்று நினைக்கிறேன்', இறங்கிய பின் 'என்ன ஆனது' என்று எழுதச் சொன்னோம். முதல் பத்தியில் 'மயங்கி விழுவேன், சேலை விலகும், எல்லாரும் பார்ப்பார்கள்' என்று இருந்தது. இரண்டாவது பத்தியில் 'படபடத்தது, விழவில்லை, கண்டக்டர் சில்லறை கேட்டார்' என்று இருந்தது.

அவர் எப்போதும் கையில் ஓர் எலுமிச்சம்பழமும், முந்தானையில் முடிந்த இரண்டு மாத்திரையும் வைத்திருப்பார். பாபநாசம் வரை போய் வந்த பிறகும் பயம் ஓரளவுக்கு மேல் குறையவில்லை. காரணம், பத்திரமாக வந்தது பழத்தினால்தான் என்று மனம் கணக்குப் போட்டுக்கொள்கிறது. பழத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போன நாளில்தான் உண்மையான பாடம் கிடைத்தது. பயம் வரும்போது தப்பித்து ஓடினால் 'ஓடியதால் பிழைத்தேன்' என்பதைக் கற்றுக்கொள்கிறோம், நின்று பார்த்தால்தான் நினைத்தது நடக்கவில்லை என்பதைக் கற்கிறோம். இந்த எளிய உண்மைதான் அந்த முறைக்கு அடிப்படை. ஆனால் எந்தப் படியை எப்போது வைப்பது என்பதை அவரே முடிவு செய்தார். தாராசுரத்துக்கு அடுத்து நேராகத் தஞ்சாவூர் போகலாமே என்று கணவர் அவசரப்பட்டதற்கு நாங்கள் இணங்கவில்லை.

மனச்சோர்வுக்கும் இதே போல் ஒரு வழி உண்டு. உற்சாகம் வந்தால் வேலை செய்வேன் என்று காத்திருப்பவரிடம், வேலையைச் சிறிய அளவில் முதலில் தொடங்கச் சொல்கிறோம், உற்சாகம் பின்னால் வருகிறது. 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலில் தென்னந்தோப்பை இழந்து, மாதக்கணக்கில் தோப்புப் பக்கமே எட்டிப் பார்க்காமல் திண்ணையில் படுத்துக் கிடந்தவர்கள் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் இருந்தார்கள். 'தைரியமாக இருங்கள்' என்ற சொல் அவர்களிடம் எடுபடவில்லை, காலையில் தோப்பு வரைக்கும் நடந்து போய் வருவது என்ற ஒற்றை வேலை சிலருக்கு எடுபட்டது. இதற்குப் பெரிய பட்டம் படித்தவர்தான் வேண்டும் என்பதும் இல்லை. கோவாவில், இந்த முறையில் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் ஆறு முதல் எட்டுச் சந்திப்புகளில் கடும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு உதவ முடிந்ததை 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

குடிக்கு அழைத்து வரப்படுகிறவர்களிடம் நிலைமை இன்னும் தெளிவாகத் தெரியும். 'குடியை விடு' என்று ஒருவர் அழுத்த அழுத்த, மற்றவர் குடிக்க நூறு நியாயம் சொல்வார். 1983இல் வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் எழுதத் தொடங்கி வளர்த்த முறையில், விடுவதற்கான காரணங்களை நாம் சொல்லாமல் அவர் வாயாலேயே வரவழைக்கக் கேள்விகளை அமைக்கிறோம். ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும்: பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் சித்தபிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அது மருத்துவமனையில் நடக்க வேண்டிய வேலை.

பெரும் அதிர்ச்சிக்கு ஆளானவர்களிடம் இன்னும் மெதுவாகப் போக வேண்டியிருக்கிறது. பேரிடர் நடந்த சில நாட்களுக்குள் எல்லாரையும் உட்கார வைத்து, நடந்ததை விவரமாகச் சொல்ல வைத்தால் மனம் லேசாகும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அப்படி ஒரே அமர்வில் கட்டாயப்படுத்திப் பேச வைப்பதால் பிற்காலப் பாதிப்பு குறைவதில்லை, சிலருக்குக் கூடவும் செய்யலாம் என்று பின்னர் தெரிந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் பிள்ளைகளை இழந்த நாகப்பட்டினம் கடற்கரைக் குடும்பங்களுக்கு அப்போது முதலில் தேவைப்பட்டது கூரையும், சாப்பாடும், காணாமல் போனவரைப் பற்றிய உறுதியான தகவலும், பக்கத்தில் ஒரு தெரிந்த முகமும்தான். ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர் 1992இல் வகுத்துக் கொடுத்த வரிசையும் இதையே சொல்கிறது. முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவுகூர்தலும் துக்கம் கொண்டாடுதலும், அதன் பிறகு உறவுகளோடு மீண்டும் இணைதல். உங்கள் தங்கையின் கணவர் கண் முன்னால் சரிந்து விழுந்திருந்தால், அந்தக் காட்சியைப் பற்றி ஆலோசகர் இன்னும் பேசாமலிருப்பதற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம். அதைத் தொடும் வாரங்களில் தங்கை வீட்டுக்கு வந்து முன்னைவிட அதிகமாக அழக்கூடும். நட்ட நாற்று பச்சை பிடிக்கும் வரை வாடித்தான் தெரியும், அதைப் பார்த்துவிட்டு யாரும் பிடுங்கிவிடுவதில்லை.

'உள்ளே என்ன பேசினாள்' என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காதது உங்களுக்கு வருத்தம். 2017ஆம் ஆண்டு மனநல பராமரிப்புச் சட்டம் அந்த இரகசியத்தைத் தங்கையின் உரிமையாக வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில்தான் அது தளரும். ஆனாலும் இங்கே குடும்பத்தை வெளியே நிறுத்திவிட்டு ஒருவரை மட்டும் மாற்றிவிடலாம் என்று நினைக்கும் ஆலோசகரோடு எனக்கு உடன்பாடு இல்லை. தங்கை சம்மதித்தால், சந்திப்பின் கடைசிப் பத்து நிமிடம் நீங்களும் உள்ளே வரலாமா என்று கேளுங்கள். எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம் என்பதை அவரே முன்கூட்டி ஆலோசகரிடம் சொல்லி வைத்திருப்பார். கோயிலுக்கு நேர்ந்துகொண்டிருந்தால் அதையும் மறைக்க வேண்டியதில்லை. குணசீலத்துக்கோ நாகூருக்கோ போய் வருவதால் சிகிச்சை கெடுவதில்லை, அங்கே போனதும் மாத்திரையை நிறுத்தினால்தான் கெடும்.

இது வீண் செலவா என்பதை அறிய வழி இருக்கிறது. மனச்சோர்வுக்கு ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு, பி.எச்.கியூ.-9 என்பார்கள், 0 முதல் 27 வரை மதிப்பெண் வரும். சில வாரங்களுக்கு ஒருமுறை அதைப் போட்டுப் பார்த்து 5 புள்ளியாவது இறங்கியிருந்தால் பலன் இருக்கிறது என்று கொள்ளலாம். ஆறேழு சந்திப்புக்குப் பிறகும் எந்த அசைவும் இல்லையென்றால், முறையை மாற்றலாமா, மருந்து தேவையா என்று தயங்காமல் கேட்கலாம். நல்ல ஆலோசகர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். பெயர்ப்பலகையில் 'கவுன்சிலிங்' என்று யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்வதைப் பார்க்கிறோம், ஆகவே மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவரிடம் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். மருந்து எழுதும் உரிமை மருத்துவருக்கு மட்டுமே. பத்து நாளில் குணம் என்று உறுதி சொல்கிறவர், உங்கள் தங்கையின் கதையை அடுத்தவரிடம் உதாரணமாகச் சொல்கிறவர், மறுமணம் செய்யச் சொல்லியோ செய்யக் கூடாதென்றோ தீர்ப்பு வழங்குகிறவர் ஆகியோரிடமிருந்து விலகிக்கொள்வது நல்லது.

செலவு தாங்கவில்லையென்றால் தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய, அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலிமானஸ் சேவையின் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், அதற்கும் கட்டணம் இல்லை. இப்போதைய ஆலோசகரையே தொடர விரும்பினால், ஒரு வாரம் நேரிலும் அடுத்த வாரம் தொலைபேசியிலும் என்று வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பலர் ஒப்புக்கொள்கிறார்கள், பேருந்துச் செலவும் ஒருநாள் வேலையும் மிச்சமாகும். தொலைபேசியில் பேசும் நேரத்தில் மட்டும் தங்கைக்கு வீட்டில் கதவு சாத்தக்கூடிய ஓர் அறையை ஒதுக்கிக் கொடுங்கள், அம்மாவை அந்த ஒரு மணி நேரம் கோயிலுக்கோ பக்கத்து வீட்டுக்கோ போய்வரச் சொல்லுங்கள்.